மட்டக்களப்புக்கு அப்பால் ஓடிய கோச்சி

பழுதான சாமானை எறிய எனக்கு மனம் வராது, சேர். என் கடையைத் திறந்து பார்த்தால் தெரியும். ஆட்கள் திருத்தத் தந்துவிட்டு மறந்துபோன றேடியோ, மிக்சி, கடலுக்குப் போகிறவர்களின் டோர்ச் லைட் எல்லாவற்றிலும் பேர் எழுதி ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறேன். ஐந்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் தேடாமல் எடுத்துக் கொடுப்பேன். ஒருவருடைய சாமானும் என்னிடம் தொலைந்ததில்லை.

நான் சொல்ல உங்கள் பொலிஸ்காரர் எழுதினால் என் பேச்சு வேறாகிப்போகிறது. அதனால்தான் பேனையை நானே கேட்டு வாங்கினேன். என் பெயர் ஆதம்பாவா மிஹ்லார். வயது ஐம்பத்து மூன்று. ஊர் கல்முனைக்குடி. பதினான்கு வருடம் கட்டாரில் வேலை செய்தேன். திரும்பி வந்து மின்சாரச் சாமான் திருத்தும் கடை வைத்தேன். பிள்ளைகள் இல்லை. மனைவி ஹப்ஸா. அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவளை விசாரிக்க வேண்டாம்.

கோச்சியின் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. கிழக்கில் றெயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே எங்கள் கரைக்கு ஒரு கோச்சியும் வந்ததில்லை. நிஜக் கோச்சியை நான் முதலில் கண்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. கட்டாரில் எங்கள் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த ஜேர்மன்காரர் ஒருவர் தன் வீட்டில் சின்னக் கோச்சிகள் வைத்திருந்தார். வேலை முடிந்து தன் ஊரோடு போகும்போது எல்லாவற்றையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். பதினொரு எஞ்சின், நாற்பது பெட்டி, தண்டவாளம், சிக்னல், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி.

அது விளையாட்டுச் சாமான் இல்லை, சேர். கடையில் விற்கிற கோச்சிக்குக் கரண்ட் கொடுத்தால் எல்லா எஞ்சினும் ஒன்றாக ஓடும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு எஞ்சினுக்கும் உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதற்குத் தன் நம்பர் தெரியும். பெட்டி தண்டவாளத்தின் கரண்டுக்குள்ளேயே கட்டளையைக் கலந்து அனுப்பும். மூன்றாம் நம்பர் புறப்படு என்றால் மூன்று மட்டும் புறப்படும். ஏழு நிற்க வேண்டும் என்றால் ஏழு மட்டும் நிற்கும். பாதை மாற்றுகிற கம்பி, சிக்னல், ஸ்டேசன் விளக்கு எல்லாம் அந்தப் பெட்டியின் சொல்லுக்குத்தான் காத்திருக்கும். பெட்டி இல்லாவிட்டால் பதினொரு எஞ்சினும் பதினொரு இரும்புக் கட்டிதான்.

வீட்டின் மேல் அறையில் நான்கு சுவரையும் சுற்றி மேசை அடித்து அதன் மேல் கோச்சியைப் பூட்டினேன். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் பாதை போட்டேன். களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஸ்டேசன்கள். ஒலுவிலுக்குத் துறைமுகத்துக்குப் போகிற கிளைப் பாதை ஒன்று. அரசாங்கம் செய்யாததை நான் ஆறு வருடத்தில் செய்தேன். ஊரில் சிரித்தார்கள். "மிஹ்லாருக்குப் புள்ள இல்ல, அதான் கோச்சி வளக்கான்" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. பரவாயில்லை.

சிரிக்காமல் வந்து பார்த்த ஒரே ஆள் சுவாம்பிள்ளை மாஸ்டர். றெயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் ஸ்டேசன் மாஸ்டர். வாழைச்சேனையிலும் புனானையிலும் இருந்துவிட்டு மட்டக்களப்பில் ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு கல்முனையில் மகள் நிறோசாவின் வீட்டில் இருந்தார். நிறோசா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை. மாஸ்டர் ஒரு நாள் றேடியோ திருத்த வந்த இடத்தில் என் மேசையில் கழற்றி வைத்திருந்த எஞ்சினைக் கண்டார். அன்றைக்கே மேல் அறைக்கு ஏறி வந்தார்.

அவர் சொன்ன முதல் கதையே குறைதான்.

"தம்பி, ஒற்றைப் பாதையில ரெண்டு கோச்சிய எதிரும் புதிருமா விட்டிருக்கீங்க. கல்முனையில ஒண்டு ஒதுங்காட்டி மற்றது எப்பிடி வரும்?"

"கண்ணால பாத்துத்தானே ஓட்டுறன் மாஸ்டர்."

"கண்ணால பாத்து மாட்டு வண்டில் ஓட்டலாம். கோச்சிக்கு விதி வேணும்."

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து நான் சாப்பிட்டு எழும்பும் நேரத்துக்கு வந்துவிடுவார். நேரசூசியை அவர்தான் எழுதினார். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற உதயதேவி போல ஒரு கடுகதி, காலையில் ஒரு மீன் கோச்சி, அறுவடை காலத்தில் நெல் ஏற்ற ஒரு சாமான் கோச்சி. எங்கள் முஸ்லிம் ஆட்களும் அவர்களுடைய தமிழ் ஆட்களும் கல்முனையில் தனிப் பிரதேச செயலகம் வேண்டும், வேண்டாம் என்று பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்த நாட்களிலும் நாங்கள் இரண்டு பேரும் நிந்தவூரில் எந்தக் கோச்சி எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கூட்டாளி எனக்கு இருந்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்கும். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கரண்ட் கூடின அழுத்தத்தோடு திரும்பி வந்தது. பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் போனது. எங்கள் வீட்டில் பெட்டி போனது. திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ஐசிதான் எரிந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவில் கறுப்பாக, பதினைந்து கால் வைத்த ஐசி. கட்டளையைத் தண்டவாளத்துக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. மற்றதெல்லாம் சுகம். ஒரு ஐசியை மாற்ற எனக்குப் பத்து நிமிடம் போதும்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக மூன்று வருடம் அலைந்தேன்.

கம்பனிக்கு எழுதினேன். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. "அன்பான வாடிக்கையாளரே, இந்தக் கட்டுப்பாட்டு முறையின் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. உதிரிப் பாகங்கள் எங்களிடம் இல்லை. எங்கள் புதிய முறைக்கு மாறும்படி அன்போடு ஆலோசனை கூறுகிறோம்." புதிய பெட்டியின் பாஷை பழைய எஞ்சினுக்கு விளங்காது. மாறுவதென்றால் பதினொரு எஞ்சினின் தகடும், ஒவ்வொரு சிக்னலின் தகடும் மாற வேண்டும். அதை விளக்கி மறுபடி எழுதினேன். அதே பதில் வந்தது, ஒரு எழுத்து மாறாமல். மூன்றாம் முறை எழுதினேன். அதற்கும் அதே பதில். கிணற்றில் கல்லைப் போட்டாலும் ஒரு சத்தமாவது கேட்கும்.

ஐசியைச் செய்த கம்பனியும் அதை நிறுத்தியிருந்தது. ஒல்லாந்தில் ஒருவர் தன் பழைய பெட்டியை அனுப்புகிறேன் என்றார். அப்போது எங்கள் நாட்டில் இறக்குமதிக்குத் தடை. பெட்டி திரும்பிப் போனது. தடை எடுத்த பிறகு அவருக்கு எழுதினேன். அவர் மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மகன் பதில் போட்டார். சாமான்களை எல்லாம் குப்பைக்குப் போட்டுவிட்டாராம். குப்பைக்கு, சேர்.

சீனாவிலிருந்து இரண்டு தரம் ஐசி எடுப்பித்தேன். இரண்டு தரமும் போலி. வேறு ஏதோ மலிவு ஐசியின் முதுகைத் தேய்த்து, அதில் இந்த நம்பரை அடித்திருந்தார்கள். பெட்டியில் போட்டால் கோச்சி இருபது நிமிடம் ஓடும். பிறகு ஐசி சூடேறித் தடுமாறும். மூன்றாம் நம்பரை ஓடச் சொன்னால் ஒன்பதாம் நம்பர் நடுங்கும். ஒரு முறை மீன் கோச்சியும் கடுகதியும் களுவாஞ்சிகுடியில் மோதிக்கொண்டன. கடுகதியின் முகப்பு உடைந்தது. அன்றைக்கு நான் சாப்பிடாமல் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்று ஹப்ஸா இப்போதும் சொல்வாள்.

இந்த மூன்று வருடத்தில்தான் மாஸ்டருக்கும் வருத்தம் கூடியது. நுரையீரல் இறுகிக்கொண்டு போகிற வருத்தம். மாற முடியாது, மெதுவாகக் கூடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கனடாவிலிருக்கும் மகன் ஒட்சிசன் மெசின் ஒன்றை அனுப்பியிருந்தார். அது அறையில் இருக்கிற காற்றை இழுத்து, ஒட்சிசனை மட்டும் பிரித்தெடுத்து, குழாயால் மூக்குக்கு அனுப்பும். அவர் இரவு பகலாக அதிலேயே இருந்தார். கொஞ்ச நேரம் கழற்றினால் தாங்குவார். வெள்ளிக்கிழமை வருவது நின்றுபோனது. நான்தான் போய்ப் பார்ப்பேன். போனதும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்ன தம்பி, லைன் கிளியரா?"

"இன்னும் இல்ல மாஸ்டர்."

"நான் போறதுக்குள்ள ஒருக்காப் பொத்துவில் மட்டும் விட்டுக் காட்டுங்க."

இதைக் கவனித்து வையுங்கள். கேட்டது அவர்.

போன ஒக்டோபரில் மழையும் இடியுமாக இருந்த ஒரு நாள் மெசின் நின்றுவிட்டது. நிறோசா அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். அப்பாவை ஒட்சிசன் சிலிண்டரில் போட்டுவிட்டு வந்திருந்தாள். அது பின்னேரம் வரைக்கும்தான் காணும்.

"அண்ணன், இதை ஒருக்கா உடனே பாருங்க. எனக்கு வேற ஆக்களைத் தெரியாது."

"பயப்படாதீங்க தங்கச்சி. மாஸ்டர்ர சாமான் என்ர சாமான் மாதிரி."

பியூஸ்தான் போயிருந்தது. மாற்றினேன். மெசின் ஓடியது. மூடியைப் பூட்டப் போகும்போதுதான் உள்ளே இருந்த தகட்டைப் பார்த்தேன். அதே ஐசி. அதே நம்பர், அதே கம்பனி, தேய்க்காத முதுகு. ஒட்சிசனைப் பிரிக்கிற இரண்டு வால்வுகளையும் மாற்றி மாற்றித் திறந்து மூடுவது அங்கே அதன் வேலை.

ளுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்துகிற நேரம். கதவைச் சாத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உலகம் முழுவதும் கேட்டு இல்லையென்று சொன்ன சாமான் என் மேசையில் இருந்தது. அந்த மெசினுக்கு வால்வு திறந்து மூடினால் போதும், அது நல்ல ஐசி வைத்துச் செய்ய வேண்டிய வேலையே இல்லை என்று எனக்குப் பட்டது. போலி ஐசியால் அது முடியும் என்று நினைத்தேன். மாற்றினேன். நாற்பது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வெறும் மெசினைத் திருப்பிக் கொடுக்கவில்லை, சோதித்துத்தான் கொடுத்தேன்.

பின்னேரம் பெட்டியில் நல்ல ஐசியைப் பற்றவைத்தேன். மூன்றாம் நம்பருக்குக் கட்டளை கொடுத்தேன். மூன்று வருடம் அசையாமல் நின்ற எஞ்சின், நேற்று நிறுத்திவிட்டுப் போனதுபோல, மட்டக்களப்பை விட்டுப் புறப்பட்டது. ஹப்ஸா கீழேயிருந்து, "என்னங்க, ஓடுதா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நிறோசா போன் எடுத்தாள். மெசின் கத்துகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது என்றாள். கேட்ட உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. போலி ஐசி சூடேறி வால்வு தடுமாறினால் ஒட்சிசன் குறையும். குறைந்தால் மெசின் கத்தும். அதற்காகத்தான் அதில் அந்தக் கூவியை வைத்திருக்கிறார்கள்.

பையை எடுத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் கட்டிலில் சாய்ந்திருந்தார். "கோச்சி ஊதுற மாதிரி ஊதுது தம்பி" என்று சிரித்தார். "சென்சர் பிழை, வேறொண்டும் இல்ல" என்றேன். மெசினைத் திறந்து கூவிக்குப் போகிற கம்பியை வெட்டினேன். மஞ்சள் விளக்குக்கு உள்ளால் கறுப்பு டேப் ஒட்டினேன். நிறோசா தேத்தண்ணி கொண்டு வந்தாள். விரலில் மாட்டிப் பார்க்கிற மீற்றர் எண்பத்து நான்கு காட்டுகிறது, முன்னர் தொண்ணூற்றிரண்டு காட்டியது என்றாள். மழைக்கு விரல் குளிர்ந்தால் அது குறைத்துத்தான் காட்டும் என்று சொன்னேன். அது உண்மைதான். விரல் குளிர்ந்தால் குறைத்துத்தான் காட்டும்.

நல்ல ஐசி ஒன்று வந்ததும் மெசினில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் ஒரு இடத்தில் சொல்லி வைத்திருப்பதாக ஹப்ஸாவிடமும் சொன்னேன். சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைக்க ஒரு இடமும் இல்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இந்த நாட்டில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவரை என் வீட்டுக்குக் கூட்டி வரச் சொன்னேன். மெசின் இல்லாமல் அரை மணித்தியாலம் தாங்குவேன் என்று அவர்தான் மகளைச் சமாதானப்படுத்தி வந்தார். பதினான்கு படி ஏற மூன்று இடத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை. சேட்டுப் பைக்குள் சுருட்டி வைத்திருந்த பச்சைக் கொடியை எடுத்தார். ஓய்வு பெறும்போது திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதாம்.

கடுகதி மட்டக்களப்பில் நின்றது. சிக்னல் விழுந்தது. மாஸ்டர் கொடியைத் தூக்கினார். "முப்பத்தெட்டு வருசம் நான் கொடி காட்டி விட்ட கோச்சியெல்லாம் மட்டக்களப்போட நிண்டதுதான் தம்பி" என்றார். மூச்சு வாங்கியது. "இண்டைக்குத்தான் அங்கால விடுறன்."

கோச்சி கல்முனைக்கு வந்தது, நிந்தவூரில் ஒதுங்கியது, அக்கரைப்பற்றைத் தாண்டிப் பொத்துவிலுக்குப் போய்ச் சேர்ந்தது. நேரசூசியில் எழுதிய நிமிடத்துக்கு. ஹப்ஸா பிளேன்டீ கொண்டு வந்தவள் என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அவர்ர நகமெல்லாம் நீலிச்சுக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

நான் மாஸ்டரைக் கேட்டேன். "போதுமா மாஸ்டர், நிப்பாட்டவா?"

"ஓடட்டும் தம்பி" என்றார். "இன்னொருக்கா ஓடட்டும்."

அதை நான் ஒரு அனுமதியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில், நிறோசா பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது, மாஸ்டர் மூச்சு நின்று மோசம் போனார். வியாழக்கிழமைதான் அவருக்குக் கிளினிக் நாள். வருத்தம் முற்றிப் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அடக்கத்துக்குச் சேமக்காலை வரைக்கும் போனேன். நிறோசா என் கையைப் பிடித்து, "அப்பாவுக்குக் கடைசி ஆசையை நிறைவேத்தி வச்சது நீங்கதான் அண்ணன்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை.

மெசினை அவள் ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டாள். அங்கே மெசின்களைப் பார்க்கிற பர்ஸான் என்ற பொடியன், வார்ட்டில் வைக்க முன்னர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். வெட்டின கம்பி, கறுப்பு டேப், முதுகு தேய்த்த ஐசி. உங்களுக்குச் சொன்னதும் அவர்தானாம். நல்ல தொழில்காரர். எல்லோரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள்: ஐசியைத் திருப்பி வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று. பத்து நிமிடம் என்று சொன்னேன். ஏன் வைக்கவில்லை என்றும் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். ஒரு சாமானை உண்டாக்கி, ஆட்களை அதற்குப் பழக்கி, பிறகு நிறுத்திவிட்டேன் என்று ஒரு கடிதம் போடுகிறார்கள். அவர்களை யாரும் கூட்டி வந்து கதிரையில் உட்கார வைத்துக் கேட்பதில்லை. அவர்கள் நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் மாஸ்டரின் மெசினைத் தொட்டே இருக்க மாட்டேன். டொக்டரே மாறாது என்று சொன்ன வருத்தம். ஒரு மாதமோ ஆறு மாதமோ, யாருக்குத் தெரியும்? இப்படியெல்லாம் நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே கோச்சியை ஓட்டினேன்.

ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. அதையும் எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன்.

அவர் போவதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை பகல், அவரைப் பார்க்கப் போனேன். கொரோனா காலத்தில் இப்படியான மெசின்கள் பலதைத் திருத்தியதால் ஒட்சிசன் அளக்கிற சின்ன மீற்றர் ஒன்று என்னிடம் இருக்கிறது. நிறோசா குசினிக்குப் போன நேரம் குழாயின் நுனியில் அதை வைத்துப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று காட்ட வேண்டியது இருபத்து மூன்று காட்டியது. நீங்களும் நானும் இந்த அறையில் மூச்சு விடுகிற காற்றில் இருபத்தொன்று இருக்கிறது. மாஸ்டர் அந்தக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வாயால் மூச்சு எடுத்துக்கொண்டு கிடந்தார். மீற்றரைப் பையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

வாசல் வரைக்கும் நிறோசா கூட வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அண்ணன், மெசின் ஓடுதுதானே?"

"ஓம் தங்கச்சி, ஓடுது" என்றேன்.

அது பொய்யில்லை, சேர். மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒட்சிசன் வருகிறதா என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை.